மூன்று வீட்டுக்கு ஒரு பூச்சுக்காரன்

லண்டனில் ஒரு பெருங்காற்று அடித்து, பூங்காக்களில் நின்ற பெரிய மரங்களெல்லாம் வேரோடு விழுந்து கிடந்தனவே, அதற்கு அடுத்த வருடம் இது நடந்தது. ஆண்டுக் கணக்கு எனக்கு வராது. காற்றை வைத்துத்தான் சொல்லுவேன். காற்றுக்கு முன் நான் பெட்ரோல் ஷெட்டில் வேலைக்கு நின்றேன். காற்றுக்குப் பின் வீடு திருத்தினேன்.

அந்த வேலைக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். காற்று அடித்த மறுநாள் ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் ஓடுகள் ரோட்டில் கிடந்தன. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாவிடம் நீளமான ஏணி இருந்தது. ஏறுவதற்கு ஆள் இல்லை. எனக்கு ஏறப் பயமில்லை, அவ்வளவுதான் என் தகுதி. ஒரு கூரையில் நிற்கும்போது அடுத்த கூரைக்காரர் கீழே நின்று கையைக் காட்டினார். அதற்கடுத்தவர் ஒரு கோப்பை தேநீரோடு நின்றார். அந்த மார்கழி முடிவதற்குள் ஷெட்டை விட்டுவிட்டேன். என் மனைவிக்குச் சம்மதமில்லை. ஷெட்டிலே குளிருக்கு ஹீட்டர் இருக்கிறது, கூரையிலே என்ன இருக்கிறது என்று கேட்டாள். சரியான கேள்விதான். இன்றைக்கும் என் முழங்காலுக்கு அதற்குப் பதில் தெரியும்.

கூரையிலிருந்து கீழே இறங்கி, சுவர் இடிக்க, சமைக்கிற குசினியை மாற்ற, நிலம் போட என்று வேலை பெருகியது. எல்லாம் எனக்கு ஓரளவு வரும். வராதது பூச்சு. சுவருக்குப் பிளாஸ்டர் பூசுவதற்கு வேறு கை வேண்டும். அந்தக் கை எங்கள் வீட்டு மேல்மாடியிலேயே இருந்தது. முன்னறையில் வாடகைக்கு இருந்தவன், மெலிந்த ஆள், பேச்சு குறைவு. அவன் பூசிய சுவரில் கன்னத்தை வைத்துப் படுக்கலாம்.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிளாஸ்டர் குழைப்பதற்கு முன் கக்கூஸுக்குப் போவான். வந்து ஒரு தேநீர் குடிப்பான். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வான். அதற்குப் பிறகு சுவர் முடியும்வரை அவன் காதில் எதுவும் ஏறாது.

"ஏன் தம்பி மணிக்கூட்டைக் கழட்டிறாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் மணி பாத்தால் சுவருக்குத் தெரிஞ்சிடும் அண்ணை. பிறகு அது என்னை அவசரப்படுத்தும்."

சிரித்துக்கொண்டு பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் அந்த வேலை அப்படிப்பட்டது. கடைசிப் பூச்சைக் குழைத்துச் சுவரில் கை வைத்துவிட்டால் மூலை வரைக்கும் போய்த்தான் நிற்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் இறுகிவிடும். திரும்பி வந்து தொடர்ந்தால் புண் ஆறிய தழும்பு மாதிரி ஒரு கோடு நிற்கும். பெயின்ட் அடிப்பது அப்படியல்ல. பாதியில் வைத்துவிட்டு ஊர் சுற்றிவிட்டு வரலாம், அது கோபிக்காது.

இந்த வேறுபாடு எனக்கு அப்போது தெரிந்திருந்தும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆனி மாதத்தில் நான் செய்ததைச் செய்திருக்க மாட்டேன்.

மூன்று வீட்டு வேலை ஒன்றாக வந்தது. முதலாவது, எங்கள் ஈஸ்ட் ஹாமிலேயே பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடைக்கு மேலே இருந்த வீட்டுக்குப் புதுக் குசினி வேண்டும் என்றார். இரண்டாவது, நோர்பரியில் ஒரு டாக்டர். தமிழ்நாட்டுக்காரர். இரண்டு அறைக்கு நடுவில் இருந்த சுவரை எடுத்துப் பெரிய ஹோலாக, ஒரே கூடமாக ஆக்க வேண்டும், நவராத்திரிக்கு அவருடைய மனைவி கொலு வைக்க இடம் காணாதாம். மூன்றாவது, வெஸ்ட் ஈலிங்கில் ஒரு அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். வீட்டில் குளியலறை மேல்மாடியில் இருந்தது. கீழே, படிக்குப் பக்கத்தில் இருந்த சாமான் அறையைக் குளியலறையும் கக்கூஸுமாக மாற்றித் தர வேண்டும் என்றார். அவருடைய கணவருக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றும் சொன்னார். ஏன் அவசரம் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று பேரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆடி பிறப்பதற்குள் தொடங்கிவிட வேண்டும். கடைக்காரர் தன் கடையில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அக்கா ஒரு ஐயருக்குப் போன் எடுத்துக் கேட்டார். டாக்டர், லண்டனில் படித்துப் பட்டம் எடுத்தவர், மதுரையில் இருந்த மாமியாரைக் கேட்டார். மூன்று இடத்திலும் ஒரே நாளைத்தான் சொன்னார்கள். ஆனி கடைசியில் நல்ல நாள் அது ஒன்றுதான் மிச்சம்.

இந்த ஊர் வெள்ளைக்காரக் கட்டடக்காரரிடம் போனால், எந்த நாள் முடிய வேண்டும் என்று கேட்டுத்தான் பின்னாலிருந்து எண்ணுவார். நாங்கள் தொடங்கும் நாளை மட்டும் எண்ணுகிறவர்கள். முடிகிற நாளை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நாள் காலை ஆறரைக்கு ஈஸ்ட் ஹாமில் தேங்காய் உடைத்து, சுவரில் முதல் அடி போட்டேன். வான் வண்டியை எடுத்துக்கொண்டு லண்டனைச் சுற்றி ஓடி ஒன்பதுக்கு வெஸ்ட் ஈலிங்கில் ஒரு அடி. எங்கள் வானின் பக்கக் கதவு உள்ளேயிருந்துதான் திறக்கும், அதனால் ஒவ்வொரு இடத்திலும் பூச்சுக்காரன் முன் சீட்டிலிருந்து பின்னால் தவழ்ந்து போய்த் திறந்துவிட வேண்டும். பதினொன்றரைக்கு நோர்பரி. டாக்டர் வீட்டில் கற்பூரம் கொளுத்தியவுடன் கூரையில் இருந்த புகை மணி அலறத் தொடங்கியது. டாக்டர் கதிரையில் ஏறி நின்று பத்திரிகையால் விசிறினார். அவருடைய மனைவி, "மங்கள வாத்தியம்னு நெனச்சுக்குங்க" என்றார்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அடியோடு விட்டிருந்தால் பிழையில்லை. ஆனால் தொடக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். ஒரு கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் போனால், இவன் ஏமாற்றிப் பேய்க்காட்டிவிட்டுப் போகிறான் என்று நினைப்பார்களே. ஆகவே அந்தக் கிழமைக்குள் ஈஸ்ட் ஹாமில் குசினித் தொட்டியைக் கழற்றினேன், நோர்பரியில் சுவரை விழுத்தினேன், வெஸ்ட் ஈலிங்கில் சாமான் அறையைச் செங்கல் தெரியும்வரை உரித்தேன். மூன்று வீடும் திறந்த வயிறோடு கிடந்தன. பூசுவதற்கு ஒருவன்தான். வானும் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு யார் அதிகம் சத்தம் போட்டாரோ அவர் வீட்டுக்கு வேலை நடந்தது. அப்போது கைத்தொலைபேசி ஏது? எல்லாரும் எங்கள் வீட்டுக்குத்தான் போன் எடுப்பார்கள். பின்னேரம் நான் சப்பாத்தைக் கழற்றும்போதே மனைவி தொடங்குவாள். "உங்கடை டாக்குத்தர் மூண்டு தரம் எடுத்தவர். கடைக்காரர் ரெண்டு தரம். நான் என்ன, டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலையோ வேலை செய்யிறன்?"

வெஸ்ட் ஈலிங் அக்கா ஒரு தரமும் எடுக்கவில்லை. அதனால் அந்த வீட்டிலிருந்துதான் ஆளை உருவி உருவி மற்ற வீடுகளுக்குக் கொண்டுபோனேன்.

ஒருநாள் அந்த வீட்டு உள் நடைச் சுவரில் அவன் கடைசிப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தான். பாதிச் சுவர் முடிந்திருந்தது. நோர்பரி டாக்டர் கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று மனைவி அங்கே போன் எடுத்தாள். நான் போய், "வா தம்பி, மிச்சத்தை நாளைக்குப் பாப்பம்" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். தங்க இடம் கொடுத்தவன் என்ற மரியாதைக்கு, பூச்சுக் கரண்டியைக் கழுவினான். மறுநாள் வந்து பார்த்தால் சுவரின் நடுவில் விரல் தடிப்பில் ஒரு வரம்பு. அந்தச் சுவர் முழுவதையும் கொத்தி இறக்க வேண்டியதாயிற்று. நாங்கள் கொத்தக் கொத்த அந்த அக்கா தும்புக்கட்டையால் கூட்டி அள்ளிக்கொண்டே இருந்தார். ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் வானில் பூச்சுக்காரன் சொன்னான். "அண்ணை, இனிமேல் நான் மணிக்கூட்டைக் கழட்டினாப் பிறகு என்னைக் கூப்பிடாதேங்கோ. கூப்பிட்டாலும் நான் வரமாட்டன். கோபிக்கக் கூடாது."

ஆடி முழுவதும் அப்படி ஓடியது. ஆடி முடிகிற நேரம், ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் வெஸ்ட் ஈலிங்கில் நின்றோம். பின்னேரம் நோர்பரிக்குப் போக வேண்டும். சனி தொடங்கிச் செவ்வாய் வரைக்கும் பூச்சுக்காரனைத் தருவதாக டாக்டருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அக்கா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் இரண்டு பஸ் மாறிச் சாப்பாடு கொண்டுபோவார். கேரியரைப் பூட்டிக்கொண்டே, மழை வரும்போலக் கிடக்கு என்று சொல்வதைப்போலச் சொன்னார்.

"தம்பி, வாற வியாழக்கிழமை கவுன்சிலாலை ஒரு பொம்பிளை வந்து பாக்குமாம். கீழை கக்கூஸ் சரியெண்டால் அவரை வீட்டை விடுவினமாம்."

"சரியில்லாட்டி?"

"ஏதோ பராமரிப்பு ஹோமிலை கொண்டுபோய் விடப்போகினமாம். கடலுக்குக் கிட்ட எங்கையோ ஒண்டிலைதான் இடம் கிடக்காம். பஸ்ஸிலை போகேலாத தூரம்."

நான் செங்கல் தெரிந்த அந்த அறையைத் திரும்பிப் பார்த்தேன். குழாய்கள் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏனக்கா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நல்ல நேரத்திலைதானே தம்பி தொடங்கினனீர். அது தன்ரை பாட்டிலை முடியும் எண்டு இருந்தன்."

அதைச் சொல்லும்போது அவருக்கு என்மேல் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. நானும் அதே நம்பிக்கையில்தானே மூன்று வீட்டையும் உடைத்தேன்.

நான் சீமெந்து மூட்டையில் இருந்துவிட்டேன். பூச்சுக்காரன் பக்கத்து மூட்டையில் இருந்தான். அக்கா கேரியரை வைத்துவிட்டுக் கதவோடு நின்றார். எனக்கு எழுதிப் பார்க்கத் தெரியாது. வாயால்தான் கணக்குப் பார்த்தேன்.

"எதைப் பாதியிலை விடலாம், எதை விடேலாது, சொல்லு பாப்பம்."

"பெயின்ட் விடலாம். டைல்ஸ் ஒரு வரி முடிச்சிட்டு விடலாம். பலகை அடிக்கிறது எப்பவும் விடலாம். கடைசிப் பூச்சு விடேலாது."

"முதல் பூச்சு?"

"அது பூசினால் ஒரு நாள் காயோணும். காயேக்கை நாங்கள் இஞ்சை நிக்கத் தேவையில்லை."

அங்கேதான் எனக்கு வெளிச்சம் பட்டது. சுவர் காய்கிற நேரத்தில் ஆள் வேறு வீட்டில் நிற்கலாம். பெயின்ட், பலகை எல்லாம் அந்த இடைவெளிக்குள் போடுகிற வேலைகள். நான் ஒரு மாதத்துக்கு மேலாக அதைத் தலைகீழாகச் செய்திருக்கிறேன். விடக்கூடாத வேலையை விட்டுவிட்டு, விடக்கூடிய வேலைக்கு ஓடியிருக்கிறேன். சனி ஆயத்தம், ஞாயிறு முதல் பூச்சு, திங்கள் காய விட்டுவிட்டு ஈஸ்ட் ஹாமில் பலகை வேலை, செவ்வாய் கடைசிப் பூச்சு, புதன் கக்கூஸும் கைகழுவும் தொட்டியும் பூட்டுவது. சரி வருகிறது. ஆனால் அதில் செவ்வாய் வரைக்கும் டாக்டருக்குக் கொடுத்த நாட்கள்.

"அந்த மனுசன் விடாது அக்கா," என்றேன். "வாய்க்காரன்."

"போன் நம்பரைத் தாரும். நான் கதைக்கிறன்."

அவர் கதைத்ததை நாங்கள் பக்கத்தில் நின்று கேட்டோம். டாக்டருடைய குரல் பெரிய குரல், ரிசீவருக்கு வெளியே நன்றாகக் கேட்கும். தொடக்கத்தில் இருவருக்கும் ஒருவர் தமிழ் ஒருவருக்கு விளங்கவில்லை. அக்கா, "அவருக்குப் பாரிசவாதம்" என்றார். டாக்டர், "என்ன வாதம்? யாரோட வாதம்?" என்றார். அக்கா, "கை கால் இழுத்துப்போட்டுது" என்று சொன்ன பிறகு டாக்டரின் குரல் மாறிவிட்டது. எந்தப் பக்கம், பேச்சு வருகிறதா, விழுங்குகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சுவரைப் பற்றிய பேச்சே இல்லை. கடைசியில், "மேஸ்திரிகிட்டக் குடுங்க" என்றார். என்னை மேஸ்திரி என்று கூப்பிட்டவர் லண்டனில் அவர் ஒருவர்தான்.

"மேஸ்திரி, எங்க வீட்டுச் சுவருக்கு ஒண்ணும் ஆகாது, கொலுவுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. நான் ஏதோ கோவத்துல கத்துறேன், நீங்களும் அதுக்குப் பயந்து ஓடி வர்றீங்க. ஆமா, அந்த பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம்?"

"சாதாரண அகலம்தான் டாக்டர்."

"சாதாரண அகலத்துல வீல் சேர் போகாது. அளந்து பாருங்க. கைப்பிடி அவர் வலது கைப்பக்கம் வரணும். நான் லைன்லயே இருக்கேன்."

பூச்சுக்காரன் ஓடிப்போய் அளந்தான். நான்கு விரல் அகலம் போதாது. அன்றைக்கு மட்டும் அந்த அறை பூசி முடிந்திருந்தால், வியாழக்கிழமை அந்தப் பெண் கதவடியிலேயே திரும்பியிருப்பார். சனிக்கிழமை முழுவதும் கதவுக் கட்டையைப் பெயர்த்துச் செங்கல்லை வெட்டி அகலமாக்கினோம்.

செவ்வாய்க்கிழமை. கடைசிப் பூச்சு. பூச்சுக்காரன் கக்கூஸுக்குப் போய், தேநீர் குடித்து, மணிக்கூட்டைக் கழற்றினான். நான் வாளியில் குழைத்துக் கொடுக்க, அவன் உள்கூரையை முடித்து முதல் சுவருக்கு இறங்கினான். அந்த நேரம் போன் மணி அடித்தது. மனைவி. "கடைக்காரர் அழுகிறார். மேலை வீட்டிலை குழாய் மூடி கழண்டு தண்ணி கீழை கடைக்குள்ளை ஊத்துதாம். அரிசி மூட்டையெல்லாம் நனையுதாம். உடனை வரட்டாம்."

அந்த மூடி நான் போட்டது. தற்காலிகமாக என்று சொல்லி ஒரு மாதத்துக்கு மேல் விட்டிருந்தேன். பிரதான வால்வை மூடச் சொல் என்றேன். அது துருப்பிடித்துத் திரும்பாதாம். நான் போகாமல் இருக்க முடியாது. பூச்சுக்காரனைப் பார்த்தேன். அவன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவனுக்குக் குழைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். தானே குழைக்க இறங்கினால் சுவர் இறுகிவிடும்.

அக்கா கேரியரை எடுத்துக்கொண்டு புறப்பட நின்றவர், அதை என் கையில் தந்தார்.

"போற வழியிலை இதை அவரிட்டைக் குடுத்திட்டுப் போம். நான் குழைக்கிறன்."

"அக்கா, இது சீமெந்து மாதிரி இல்லை, கட்டி படக் கூடாது."

"நாப்பது பேருக்குத் தோசைக்குக் கரைச்சவள் நான். எனக்குக் கட்டி படாமல் கரைக்கத் தெரியாதோ? நீர் போம்."

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வாளிக்கு முன்னால் இருந்துவிட்டார். கடைசியாக நான் கண்டது, அவர் ஒரு கரண்டியில் பிளாஸ்டரை அள்ளி உயர்த்தி, எப்படி வழிகிறது என்று பதம் பார்த்ததைத்தான்.

ஆஸ்பத்திரியில் நீளமான வார்ட். அவருடைய கட்டில் யன்னலோடு இருந்தது. நான் அவரை அதற்கு முன் கண்டதில்லை. அக்காவின் கேரியரைக் கண்டுதான் என்னை யாரென்று பிடித்துக்கொண்டார்.

"அவ எங்கை?" வாய் ஒரு பக்கம் கொஞ்சம் கோணியிருந்தது, ஆனால் சொல் விளங்கியது.

"வீட்டிலை ஐயா. பிளாஸ்டர் குழைக்கிறா."

அவர் வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்புச் சத்தத்துக்கு ஒரு நேர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"பாவம் சுவர்," என்றார். "கல்யாணம் முடிச்ச நாள் துவக்கம் என்னையும் உப்பிடித்தான் குழைக்கிறா."

இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து மெல்ல மெல்லச் சாப்பிட்டார். எனக்கு அவசரம். ஈஸ்ட் ஹாமில் அரிசி நனைகிறது. ஆனால் அவர் சாப்பிடும்போது எழும்பிப் போக மனம் வரவில்லை. பாதியில் விடக்கூடாத வேலைகளில் இதுவும் ஒன்று என்று எனக்குப் பட்டது. முடித்துவிட்டு, கிட்ட வா என்று கையைக் காட்டினார்.

"தம்பி, அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கோ?"

"எந்தக் கதவுக்கு?"

"நீங்கள் கட்டிற கக்கூஸுக்கு. இஞ்சை துணியைத்தான் இழுத்து மறைக்கினம். ஆர் எண்டாலும் திறக்கலாம். ரெண்டு மாசமாய் நான் ஒரு கதவைப் பூட்டேல்லை. எனக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தாரும். வேறை ஒண்டும் வேண்டாம்."

போடுகிறேன் என்றேன்.

ஈஸ்ட் ஹாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் அரைக்காற்சட்டையோடு தண்ணீருக்குள் நின்றார். "வாங்கோ அண்ணை, வாங்கோ, தேம்ஸ் நதி இப்ப என்ரை கடைக்குள்ளாலைதான் ஓடுது" என்றார். மூடியை மாற்றி, தண்ணீரை நிறுத்தி, மூட்டைகளைத் தூக்கி மேலே அடுக்கினேன். நனைந்தது மூன்று மூட்டை. நான் ஏன் பிந்தினேன் என்று சொன்னவுடன் அந்த மனிதர் அதற்கு மேல் ஏசவில்லை. "குசினி ஆவணி கடைசியிலை தந்தால் காணும் அண்ணை. முதல்லை உவரை வீட்டை கூட்டி வாங்கோ" என்றார்.

திரும்பி வெஸ்ட் ஈலிங்குக்கு வந்தபோது இன்னும் வெயில் இருந்தது. கோடைகாலப் பின்னேரம் லண்டனில் நீளம். அக்கா வாசல் படியில் இருந்தார். முழங்கை வரைக்கும் வெள்ளை, மூக்கு நுனியும் வெள்ளை. பூச்சுக்காரன் பக்கத்தில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். மணிக்கூடு கையில் இருந்தது. அதைக் கண்டவுடன் வேலை முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

"அண்ணை, இனி நீங்கள் குழைக்க வேண்டாம்," என்றான். "ஒரு கட்டி இல்லை. இவ்வளவு நாளும் நீங்கள் எனக்கு என்னத்தைக் குழைச்சுத் தந்தனீங்கள் எண்டு யோசிக்கிறன்."

அவன் ஒரே மூச்சில் அவ்வளவு நீளமாகப் பேசியதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

வியாழக்கிழமை கவுன்சில் பெண் வந்தார். நல்ல மாதிரி. அளவுநாடாவால் கதவை அளந்தார், கைப்பிடியில் தொங்கி இழுத்துப் பார்த்தார், மூலைகளில் சுவர் இன்னும் ஈரமாய்க் கறுத்திருந்ததைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. தாழ்ப்பாளில் வந்து நின்றுவிட்டார். இது கூடாது, உள்ளே விழுந்துவிட்டால் எப்படித் திறப்பீர்கள் என்று கேட்டார். கழற்றினால் ஐயாவுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும், கழற்றாவிட்டால் ஐயா கடலடிக்குப் போய்விடுவார். பூச்சுக்காரன் வானுக்குள் தவழ்ந்து போய், ஒரு பொதுக் கக்கூஸ் கதவிலிருந்து எப்போதோ கழற்றிப் போட்ட பழைய பூட்டு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தான். உள்ளே பூட்டலாம். வெளியே ஒரு பிளவு இருக்கும், அதில் ஒரு சில்லறைக் காசை வைத்துத் திருப்பினால் திறக்கும். அந்தப் பெண் தன் பையிலிருந்து காசை எடுத்து இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார். அக்கா எனக்குத் தமிழில் சொன்னார், "நான் அந்தக் காசைத் தாலிக்கொடியோடை கட்டி வைச்சிருப்பன் எண்டு அவவுக்குச் சொல்லும்." அதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று தெரியாமல், தேங்க் யூ என்று சொன்னேன்.

அடுத்த கிழமை ஐயாவை அம்புலன்சில் கொண்டுவந்து விட்டார்கள். வீல் சேர் கதவால் உரசாமல் உள்ளே போனது. கைப்பிடியைப் பிடித்துத் தானே எழும்பி மாறி இருந்தார். எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, எட்டிக் கதவைச் சாத்தினார். பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. நாங்கள் மூவரும் வெளியே உள் நடையில் நின்றோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அக்காவுக்குப் பொறுக்கவில்லை, காசைக் கையில் எடுத்துவிட்டார்.

"இஞ்சாருங்கோ, உள்ளை என்ன செய்யிறியள்?"

"ஒண்டும் செய்யேல்லை," என்றது உள்ளேயிருந்து குரல். "சும்மா இருக்கிறன்."

அக்கா காசைத் திரும்ப முடிந்துகொண்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, பூச்சு காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறவர் போல உள்ளங்கையால் தடவிக்கொண்டு நின்றார்.

டாக்டர் வீட்டு ஹோல் கொலுவுக்கு முன் முடிந்தது. அக்கா சுண்டல் சாப்பிடப் போனார். கடைக்காரர் குசினி ஆவணியில் முடியவில்லை, புரட்டாதியில் முடிந்தது. அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் நாங்கள் சேர்ந்து எத்தனையோ வீடு செய்தோம். நல்ல நாளுக்கு எல்லாரும் கேட்பார்கள். ஓம் என்று போய், தேங்காய் உடைத்து, ஒரு கல்லை மட்டும் பெயர்த்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவேன். வைத்திருங்கள், உங்கள் முறை வரும்போது வருகிறேன் என்பேன். பிறகு கேட்பேன், இந்த வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்று. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்த கல்லில் கை வைப்பேன்.

பூச்சுக்காரன் பிறகு கனடாவில் டொரண்டோவுக்குப் போய்விட்டான். அவனுடைய தங்கச்சி அங்கே. போகிற அன்று விமான நிலையத்தில் மணிக்கூட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டான். ஏனடா என்று கேட்டேன், கையைக் காட்டிவிட்டுக் கதவுக்குள்ளே போனான். இரண்டு தரம் போன் எடுத்தான். பிறகு வீடு மாறினான், நாங்களும் மாறினோம், தொடர்பு விட்டுப்போயிற்று. எனக்குக் கடிதம் எழுத வராது. அவனும் எழுதுகிற ஆள் இல்லை.

ஐயா அந்த வீட்டில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுத்தான் போனார். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, இப்போது அந்தக் கைப்பிடியை அவர்தான் பிடிக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். தேநீர் தந்துவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தச் சுவரைக் காட்டினார். அதற்குப் பிறகு நான்கு தரம் பெயின்ட் மாறிவிட்டது.

"ஒரு வெடிப்பு இல்லை, பாரும்," என்றார். "அந்தத் தம்பிக்கு இதை ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம். சொல்லிவிடும்."

எங்கே போய்ச் சொல்வது? அதனால்தான் உங்களிடம் இவ்வளவும் சொன்னேன். உங்களுக்கு டொரண்டோவில் சொந்தக்காரர் இருப்பார்கள். அங்கே எங்கேயாவது, வேலை தொடங்குமுன் மணிக்கூட்டைக் கழற்றிப் பைக்குள் போடுகிற ஒரு பூச்சுக்காரனை யாராவது கண்டால், அவன் சுவரை முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, வெஸ்ட் ஈலிங் சுவர் வெடிக்கவில்லையாம் என்று சொல்லச் சொல்லுங்கள். குழைத்தவரும் சுகமாக இருக்கிறாராம் என்றும் சொல்லச் சொல்லுங்கள்.